தனிக் கடைக்காரருக்குத் துணை யார்?

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வண்டியில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்தை ஓர் ஊர் என்றே மதிப்பதில்லை. விடியற்காலையில் பெட்டி படுக்கைகளுடன் இறங்கியதும், மலை ரயில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று விசாரிக்கிறார்கள். இடம் கிடைத்தவர்கள் சந்தோஷத்துடனும், கிடைக்காதவர்கள் பஸ்ஸைத் தேடிக்கொண்டும் மேலே ஏறிப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. அவர்களைப் பொறுத்தவரையில் இந்த ஊர் மலைக்கு வைத்த வாசற்படி. வாசற்படியில் யாராவது குடியிருப்பார்களா?

குடியிருக்கத்தான் இருக்கிறார்கள். 1873-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்து சேர்ந்துவிட்ட ஊர் இது. மலைக்கு மேலே விளைவதெல்லாம் கீழே இறங்கி வந்து விலை பேசப்படும் இடமும் இதுவே. உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு, காரட், பீட்ரூட் ஆகியவை மூட்டை மூட்டையாக மண்டிகளில் வந்து இறங்குகின்றன. பவானிப் பாசனத்தில் விளையும் வாழையும் பாக்கும், காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலையும் வேறு. இந்தப் பெரிய வியாபாரத்தின் இடுக்குகளிலே, ஒரு கதவு மட்டும் உள்ள கடைகளில், தனி ஆளாய்த் தொழில் நடத்தும் மனிதர்களைப் பற்றியே இந்த வாரம் எழுதலாம் என்று எண்ணுகிறோம்.

தனிக் கடைக்காரர் என்று நாம் சொல்லுவது யாரை? முதலாளியும் அவரே, குமாஸ்தாவும் அவரே, காலையில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கும் ஆளும் அவரே என்று இருக்கிறவரை. தையற்காரர், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர், அச்சுக்கூடம் வைத்திருப்பவர், மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்பவர், வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கும் அம்மாள், மாடி அறையில் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பட்டதாரி ஆகிய எல்லோரும் இந்த ஜாதிதான். ஒருவருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது இவர்களுடைய பெருமை. ஒருவரும் பக்கத்தில் இல்லை என்பது இவர்களுடைய கஷ்டம். பெருமையை ஊராருக்குச் சொல்லுவார்கள். கஷ்டத்தை வீட்டிலுள்ளவர்களுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையற்கடை நடத்தும் ஒரு பெண்மணி. மேஜைக்கு அடியில், அளவுச் சீட்டுக் குத்திய ரவிக்கைத் துணிகள் அறுபது கிடக்கின்றன. அன்று பார்த்து அவளுக்குக் கடுங் காய்ச்சல். உத்தியோகஸ்தராயிருந்தால் ஒரு வரி லீவுக் கடிதத்தோடு காரியம் தீர்ந்துவிடும். பெரிய கம்பெனியாயிருந்தால் வேறோர் ஆள் வந்து உட்காருவான். இவளுக்கு லீவு கொடுக்கவும் ஆள் இல்லை. லீவு கேட்கவும் ஆள் இல்லை. கதவு சாத்தியிருக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போவதோடு, “அந்தக் கடையை நம்பிக் கொடுத்தோம், ஏமாற்றிவிட்டாள்” என்ற பேச்சும் வளருகிறது. பத்து வருஷம் சம்பாதித்த நல்ல பெயர் பத்து நாளில் போவதற்கு இது போதும்.

இந்த இடத்தில்தான் எதிர்ச் சாரியில் இருக்கும் இன்னொரு தையற்காரி யார் என்ற கேள்வி எழுகிறது. இத்தனை காலமும் அவளைச் சத்துருவாகவே பாவித்து, அவள் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்திருந்தால், இப்போது போய்க் கேட்க வாய் வராது. பழக்கம் இருந்தாலோ காரியம் நாலு வார்த்தையில் முடிந்துவிடும்.

“ஏனுங்க்கா, இந்த இருவது துணிய மட்டும் நீங்க தெச்சுக் குடுத்துருங்க. கூலி உங்களுக்குத்தானுங்க.”

“அதுக்கென்ன கண்ணு, குடுத்தனுப்பு. மொதல்ல ஒடம்பைப் பாரு.”

அந்த இருபது துணிக்காரர்களில் இரண்டு பேர் அக்காவின் கை வேலையைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடமாட்டார்களா என்று நேயர்கள் கேட்கலாம். தங்கத்தான் செய்வார்கள். அது இந்த ஏற்பாட்டின் செலவு. செலவே இல்லாத நட்பு தொழிலில் இல்லை. ஆனால் அறுபது பேரையும் இழப்பதற்கு இரண்டு பேரை இழப்பது மேல் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. மேலும், அடுத்த பொங்கலுக்கு அக்காவின் மகளுக்குப் பிரசவம் என்றால் துணி மூட்டை எதிர்த் திசையில் நடந்து வரும்.

நமது சர்க்காரும் தனி மனிதரைத் தொழிலில் அங்கீகரித்திருக்கிறார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் ‘ஒரு நபர் கம்பெனி’ என்ற புது இனம் ஏற்பட்டது. ஒரே ஒருவர் கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதே சட்டம், அந்த ஒருவர் இறந்துபோனாலும் செயலிழந்துபோனாலும் அவர் இடத்துக்கு வரக்கூடிய இன்னொருவர் பெயரை, அவருடைய சம்மதக் கையெழுத்துடன், ஆரம்பத்திலேயே எழுதித் தரவேண்டும் என்கிறது. முற்றிலும் தனியாக ஒரு தொழில் நிற்க முடியும் என்று சட்டம் எழுதிய பண்டிதர்களே நம்பவில்லை போலும்!

‘தனி மரம் தோப்பாகாது’ என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சொல்லுகிறவர்கள் தோப்பைக் கவனித்துச் சொல்லுகிறார்களோ என்னவோ தெரியாது. மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோட்டக்காரரைக் கேட்டால் விஷயத்தை இன்னும் சரியாகச் சொல்லுவார். பாக்கு மரத்தின் தண்டு மெல்லியது. மேல்திசை வெயில் நேராகப் பட்டால் பட்டை வெந்து வெடித்துவிடும். ஆகையால் இளங்கன்றுகளுக்கு நடுவே வாழை வைத்து நிழல் கொடுக்கிறார்கள். ஓரங்களில் வேறு மரங்களை மறைப்பாக வளர்க்கிறார்கள். அதே சமயத்தில் கன்றுகளை மிக நெருக்கி நடுவதும் இல்லை. வேருக்கு வேர் பட்டினி போட்டுக்கொள்ளும். ஒன்றுக்கொன்று நிழலாகும் தூரமும், ஒன்றையொன்று தின்னாத தூரமும் பார்த்து நடுவதுதான் தோட்டக்காரரின் சாமர்த்தியம். தொழிலாளிகளின் நட்பும் அப்படித்தான் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் மேட்டுப்பாளையத்தின் உருளைக்கிழங்கு நமக்குச் சொல்லக்கூடிய சரித்திரம் ஒன்று உண்டு. கோயமுத்தூர் ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். அதற்கடுத்த ஆண்டுகளில் அவர் கொண்டுவந்து பயிரிட்டவற்றில் உருளைக்கிழங்கும் ஒன்று. நாளடைவில் மலைக் குடியானவர்கள் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகமண்டலம் வரைக்கும் மலை ரயில் ஏறியது. (அந்த ரயிலில் குன்னூர் வரைக்கும் இன்ஜின் முன்னே நின்று இழுப்பதில்லை, பின்னே நின்று தள்ளுகிறது. முன்னால் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதேயில்லை.)

ஒரு குடியானவர் இருபது மூட்டைக் கிழங்குடன் மலையிலிருந்து இறங்கி வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவரும் நாம் மேலே சொன்ன தனிக் கடைக்காரரே. கடை மட்டும் நிலத்தில் இருக்கிறது. சமவெளியில் இன்றைக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியாது. கிழங்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வண்டிக் கூலி கட்டாது. வைத்திருந்து விற்கக் கிடங்கு கிடையாது. கமிஷன் மண்டி முறை எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் இன்னொரு விஷயமும் உண்டு. விதைக்கும் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்; முன்பணம் வாங்கின மண்டியிலேயே சரக்கை இறக்க வேண்டும். விலை பேசும் வாயை விதை வாங்கும்போதே அடகு வைத்தாயிற்று.

மண்டிக்காரரைத் திட்டுவது சுலபம். பத்திரிகைக்காரர்கள் செய்கிற காரியமும் அதுதான். நாம் அதைச் செய்யப் போவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, “பெரியவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுங்க” என்று நின்றால், பத்திரம் ஜாமீன் ஒன்றும் கேளாமல் பணம் எடுத்துக் கொடுப்பவர் மண்டிக்காரர்தான். பாங்கிக்காரர்கள் அந்த நேரத்துக்குத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருந்தாலும் கொடுக்கமாட்டார்கள். ஆகையால் தனியாக நிற்கும் மனிதருக்குத் துணை வேண்டும் என்பதை முதலில் கண்டுகொண்டவர் மண்டிக்காரரே. அந்தத் துணைக்கு விலை வைத்தவரும் அவரே.

1935-ஆம் ஆண்டில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டது. மலைக் குடியானவர்கள் அங்கத்தினர்களாகச் சேர்ந்து, தங்கள் சரக்கை மேட்டுப்பாளையத்திலுள்ள சங்கத்தின் மண்டிக்கே கொண்டுவந்து, எல்லோர் கண்ணெதிரிலும் ஏலம் போட்டு விற்கும் ஏற்பாடு இது. கேட்பதற்கு மிகச் சாதாரணமாயிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்பு இருபது மூட்டைக்காரர் ஒருவர் பல வியாபாரிகளின் முன்னே நின்றார். இப்போது பல இருபது மூட்டைகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து நிற்க, வியாபாரிகள் அங்கே தேடி வந்தார்கள். சங்கத்தில் விலை இன்னதென்று வெளியே தெரிந்துவிட்டால், சங்கத்தில் சேராத குடியானவரும் தனி மண்டியில் அந்த விலையைச் சொல்லிப் பேரம் பேசலாம். தராசும் அப்படித்தான். ஓரிடத்தில் சரியான தராசு இருந்தால் ஊரிலுள்ள மற்றத் தராசுகளுக்கும் கொஞ்சம் வெட்கம் வந்துவிடுகிறது. சங்கத்துக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள் பெறும் இந்த லாபம் எந்த ஆண்டறிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

விலை மட்டுமா? 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் நூற்புழு ஒன்றைக் கண்டுபிடித்தார். செடியின் வேரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். வயலில் அங்கங்கே செடி குட்டையாகி வாடும்; கிழங்கு சிறுத்துப்போகும். அந்த மணிகளுக்குள் இருக்கும் முட்டைகள் கிழங்குப் பயிரே இல்லாமல் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கக் கூடியவை. விதைக் கிழங்கோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும், மழைத் தண்ணீரோடும் அடுத்த வயலுக்குப் போய்ச் சேரும். தன் வயலில் மட்டும் இதைக் கண்டவர் என்ன நினைப்பார்? மண் சாரம் கெட்டுப்போயிற்று, விதை மோசம், நம் ஜாதகம் சரியில்லை என்று நினைப்பார். வெளியே சொல்லவும் கூசுவார். பத்து வயல்காரர்கள் சேர்ந்து பேசினால்தான் இது ஜாதகம் இல்லை, புழு என்பது தெரியும். தெரிந்த பிறகும், அடுத்த வயல்காரர் கவனிக்காவிட்டால் நாம் கவனித்துப் பிரயோசனமில்லை. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 1957-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் புழுவுக்குத் தாங்கக்கூடிய குப்ரி சுவர்ணா என்ற ரகத்தை 1985-இல் வெளியிட்டார்கள். அத்தகைய செய்தியும் வாய்க்கு வாய் பரவினாலன்றி ஓரத்திலுள்ள தனி மனிதர் காதுக்கு எட்டாது.

தையற்கடைக்கும் அச்சுக்கூடத்துக்கும் இதே நியாயந்தான். ‘இந்த மாதம் வியாபாரம் இல்லை’ என்ற சமாசாரத்தைத் தனிக் கடைக்காரர் ஒரு வியாதிபோல் மறைத்து வைத்துக்கொள்ளுகிறார். எல்லோருக்கும் இல்லை என்று தெரிந்தால் அது பருவத்தின் குணம். தமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தால் கடையிலே ஏதோ குறை. இரண்டுக்கும் பரிகாரம் வெவ்வேறு. கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர் பருவத்துக்குப் பரிகாரமாகக் கடையை மாற்றுவார். கடைக்குப் பரிகாரமாகக் கோவிலுக்குப் போவார்.

கூட்டுறவு என்ற எண்ணம் நம் தேசத்தில் சட்டமான கதையிலும் கோயமுத்தூருக்குச் சிறிது பங்கு உண்டு. 1887-இல் வெளியான கோயமுத்தூர் ஜில்லா வரலாற்று நூலைத் தொகுத்த பிரெடரிக் நிக்கல்ஸன் துரையே பிற்பாடு சென்னை சர்க்காரின் உத்தரவின் மேல் ஐரோப்பாவுக்குப் போய், ஏழைக் குடியானவர்களுக்குக் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கைகள் எழுதினார். ஜெர்மனியில் ரைபைஸன் என்ற கிராமாதிகாரி ஏற்படுத்திய சங்கங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. அச்சங்கங்களின் ரகசியம் பணத்தில் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு ஊருக்குள்ளேயே சங்கம் இருக்க வேண்டும். ஒருவர் பட்ட கடனுக்கு எல்லோரும் ஜவாப்தாரி. அடுத்த வீட்டுக்காரர் குடித்தனம் எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியுமாகையால், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதற்கு இன்ஸ்பெக்டர் வேண்டியதில்லை. சட்டத்தைவிட ரைபைஸனைப் போன்ற மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே முக்கியம் என்பது நிக்கல்ஸன் கண்ட முடிவு. 1904-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றி நூற்றாண்டையும் கடந்தது. சட்டத்தை அச்சடிப்பது எளிது. மனிதர்களை அச்சடிக்கும் யந்திரம் இன்னும் வரவில்லை.

மனிதர் விஷயத்தில் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரம் பிள்ளையவர்களை நினையாமல் இதை எழுத முடியவில்லை. 1906-இல் அவர் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டம். பேருக்குப் பல பங்குதாரர்களின் கம்பெனி. ஆனால் 1908-இல் அந்த ஒருவரைச் சிறையில் அடைத்தபின் அது நிமிரவில்லை; 1911-இல் கலைந்தே போயிற்று. அன்னிய சர்க்காரின் கொடுமையும் அன்னியக் கம்பெனியின் போட்டியும் அதற்குக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. என்றாலும், பணம் பலருடையதாயிருந்து பாரம் ஒருவர் தோளிலேயே இருக்குமானால், நூறு பங்குதாரர் உள்ள கம்பெனியும் தனிக் கடைதான் என்பதையும் அது காட்டுகிறது. இன்றைக்குப் பல ஊர்களில் நடக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும் இது பொருந்தும். காரியதரிசிக்குக் கண் வலி வந்தால் சங்கத்துக்கே கண் வலி.

நம் தமிழ்நாட்டில் தொழிற்சேர்க்கைக்குப் பழைய மாதிரிகள் இல்லாமலில்லை. ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்ற வணிகர் கூட்டத்தார் 1088-இல் சுமத்ரா தீவிலுள்ள பாருஸ் என்ற ஊரிலே தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். கடல் தாண்டிப் போன வியாபாரி தன்னந் தனியாகப் போகவில்லை. பின்னாளில் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வியாபாரிகள், வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட ‘மகமை’யைச் சேர்த்து, வழியில் வண்டிகள் பத்திரமாகத் தங்கப் பேட்டைகளும், பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடங்களும் ஏற்படுத்தினார்கள். 1921-இல் தூத்துக்குடியில் ஒரு பாங்கியும் அந்தச் சமூகத்தாரின் முயற்சியால் உண்டாயிற்று. இவ்வளவு உறுதியான ஏற்பாடு வேறு எங்கேனும் உண்டோ என்பது சந்தேகம். ஆனால் அதன் பலம் எதிலிருந்து வந்ததோ அதுவே அதன் எல்லையும் ஆகும். ஒரே ஜாதியார், ஒருவருக்கொருவர் சம்பந்தி. மகமை கொடுக்காதவனுக்கு ஊரில் பெண் கிடைக்காது என்ற பயம் இருந்தால் வசூலுக்கு ஆள் வைக்க வேண்டியதில்லைதான். இன்றைய தெருவிலோ, நாலு கடைக்கு நாலு ஜாதி. அவற்றில் ஒன்று ராஜஸ்தானத்திலிருந்து வந்தவருடையது, இன்னொன்று மலையாளத்துக்காரருடையது. தொழில்தான் அவர்களுக்குப் பொது. உறவு முறையின் பயம் இல்லாமல் தொழில் முறையின் நாணயத்தினாலேயே மகமை வசூலாகுமா என்பதுதான் நம் காலத்துக் கேள்வி.

ஆகும் என்பதற்கு ஆமதாபாத்தைச் சொல்லலாம். 1972-இல் இளா பட் என்ற அம்மையார், தலையில் சுமை தூக்குகிறவர்கள், பழந்துணி தைக்கிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள் ஆகிய பெண்களைச் சேர்த்துச் சங்கமாகப் பதிவு செய்யப் போனார். ‘முதலாளியே இல்லாத உங்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு, யாரை எதிர்த்து?’ என்பது சர்க்கார் அதிகாரிகளின் ஆட்சேபம். சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்காக அல்ல, ஒன்று சேர்வதற்காகவே என்று அந்த அம்மையார் வாதாடிப் பதிவு செய்துகொண்டார். 1974-இல் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு பாங்கியையும் ஆரம்பித்தார்கள். ஜாதி பல, மதம் பல, தொழிலும் பல. எல்லோருக்கும் மாதச் சம்பளம் இல்லை என்பது ஒன்றே ஒற்றுமை.

அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் கோயமுத்தூரின் பட்டறைத் தெருக்கள் இருக்கின்றன. ஒரு பம்பு உருவாகும் வழியைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். ஒருவர் மரத்தில் அச்சு செய்கிறார், இன்னொருவர் வார்க்கிறார், மூன்றாமவர் லேத்தில் கடைகிறார், நாலாமவர் கம்பி சுற்றுகிறார், ஐந்தாமவர் வர்ணம் அடிக்கிறார். ‘ஜாப் ஆர்டர்’ என்று சொல்லி ஒருவருக்கொருவர் வேலை அனுப்பிக்கொள்ளும் இவர்களில் அநேகர் ஒன்றிரண்டு யந்திரங்கள் மட்டும் உள்ள சிறு பட்டறைக்காரர்கள். தென்னிந்திய இஞ்சினீயரிங் உற்பத்தியாளர் சங்கம் 1952-இலும், ‘கொடிசியா’ என்று எல்லோரும் அழைக்கும் சிறு தொழில் சங்கம் 1969-இலும் பிறந்தன. சங்கக் கட்டிடங்கள் பெரிதாயிருப்பது நல்லதுதான். ஆனால் தன் யந்திரம் உடைந்த அன்று பக்கத்துப் பட்டறையில் ராத்திரி ஷிப்டு கேட்டு வாங்கி, வாக்குச் சொன்ன தேதியில் சரக்கை அனுப்பிவிடும் அந்தப் பழக்கந்தான் கட்டிடத்துக்கு அஸ்திவாரம்.

ஒன்று சேர்ந்தால் எல்லாம் நன்மைதான் என்றும் நாம் சொல்லத் தயாரில்லை. ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் விருந்துக்குக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலை ஏற்றுவதில் போய் முடியும் என்று ஆடம் ஸ்மித் என்ற அறிஞர் 1776-லேயே எச்சரித்திருக்கிறார். எந்த ஊர் ஏலத்திலும், வாங்குகிறவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசிக்கொண்டு வந்தால், அதுவும் ஒரு ‘ஒற்றுமை’யே, மூட்டைக்குச் சொந்தக்காரர்தான் அதன் பலியாகிறார். ஆகவே நமது கூட்டத்துக்கு ஓர் எளிய பரீட்சை வைத்துக்கொள்ளலாம். அங்கே பேசினதை வாடிக்கைக்காரர் காதில் விழும்படி பேச முடியுமா? முடியுமென்றால் சங்கம். முடியாதென்றால் சதி.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். முதலில், லெட்டர்ஹெட் அடிக்காதீர்கள். அக்கிராசனர், உப அக்கிராசனர், பொருளாளர் என்று பட்டங்கள் வந்த மறுநாளே பாதிப் பேருக்கு மனஸ்தாபம் வந்துவிடும். கைப்பேசியில் ஒரு குழு சேர்த்து, தினந்தோறும் காலையில் பூப் படத்துடன் வணக்கம் அனுப்புவதையும் சங்கம் என்று சொல்லுவதற்கில்லை. ஆறு ஏழு பேர் போதும். பாதிப் பேர் ஒரே தொழிலாகவும், மீதிப் பேர் வேறு தொழிலாகவும் இருப்பது உத்தமம். ஒரே தொழில்காரர்களுக்குத்தான் கஷ்டம் புரியும். வேறு தொழில்காரர்களிடந்தான் பொறாமை இல்லாமல் வருமானத்தைச் சொல்ல முடியும். மாதத்தில் ஒரு நாள், கடை சாத்தின பிறகு, யாராவது ஒருவர் கடைத் திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்தால் சரி. பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுவது நியாயமல்ல.

பணம் கொடுக்கல் வாங்கலை முதல் வருஷத்திலேயே கூட்டத்துக்குள் கொண்டுவரவேண்டாம் என்பது நமது உறுதியான யோசனை. சீட்டுப் பிடிப்பது கொங்கு நாட்டுக்குப் பழக்கமான விஷயந்தான். ஆனால் சீட்டு எடுத்தவர் மறு மாதம் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவாரானால், போன பணத்தைவிடப் போன மனிதர்தான் பெரிய நஷ்டம். முதலில் கருவி மாறட்டும், நூற்கண்டு மாறட்டும், தம்மால் முடியாத வேலை மாறட்டும். நாலு தடவை போனது சரியாகத் திரும்பி வந்தபிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம். மாற்றி அனுப்பும் வேலைக்குக் கூலி இன்னது, தேதி இன்னது என்பதைச் சிநேகிதமென்று வாயோடு விட்டுவிடாமல் ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது. எழுதுவது நம்பிக்கையில்லாமையால் அல்ல, ஞாபக மறதியால். பாதிச் சண்டைகள் துரோகத்தால் வருவதில்லை. ‘நூற்றைம்பது என்றல்லவா சொன்னேன்?’ என்பதில்தான் வருகின்றன.

இன்னொன்று, நெருக்கமான விஷயம். தனிக் கடைக்காரர் எல்லோரும் ஒரு காகிதத்தில் சில காரியங்களை எழுதி, வீட்டில் ஒரு பிரதியும், மேற்படி ஆறு ஏழு பேரில் ஒருவரிடம் ஒரு பிரதியும் வைத்திருப்பது நலம். கடையின் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது? யாருடைய சரக்கு கைவசம் இருக்கிறது? யார் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்? நமக்கு வரவேண்டிய பாக்கி யாரிடம் எவ்வளவு? கடைக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், தேடி வருகிறவர்களில் கொடுக்க வேண்டியவர்கள் குறைவாகவும் கேட்க வந்தவர்கள் அதிகமாகவும் இருப்பார்கள். வீட்டிலுள்ளவர்களுக்குத் தொழிலின் கணக்குத் தெரியாது. அவர்கள் அழுதுகொண்டிருக்கும் சமயத்தில், “அவருக்கு இன்னார் இவ்வளவு தரவேண்டும், நான் கேட்டு வாங்கிவருகிறேன்” என்று சொல்ல அதே தெருவில் ஒரு தொழிற்காரர் இருக்கவேண்டும். அந்தக் காகிதத்தை எழுதுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. யாரிடம் கொடுத்து வைப்பது என்று யோசிக்கத்தான் பலருக்கு நெடுநேரம் ஆகும்.